பேஸ்புக்குக்கு வெளியே எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் தமிழில் எழுதுகிற, சிற்றிதழ் நடத்துகிற, பாடம் சொல்லிக்கொடுக்கிற நண்பர்கள் கேட்டவற்றை ஒரே இடத்தில் திரட்டியிருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். பதில்களில் என் சாய்வு தெரியும், அதை மறைக்கவில்லை.

மையமில்லாத சமூக ஊடகம் எண்டால் என்ன? சுருக்கமாச் சொல்லுங்கோ.

டயலொக் சிம்மிலிருந்து மொபிட்டலுக்கு அழைக்கலாம். ஹட்ச் வைத்திருப்பவர் இருவருக்கும் குறுஞ்செய்தி அனுப்பலாம். ஆனால் பேஸ்புக்கில் இருப்பவர் எக்ஸில் (பழைய டுவிட்டர்) இருப்பவரைப் பின்தொடர முடியாது. அந்த மதில் இல்லாத ஏற்பாடுதான் இது. ஆளாளுக்கு ஒரு சேவரை, அதாவது பதிவுகளைச் சேமித்து மற்றவர்களுக்கு அனுப்பும் கணினியை, நடத்துவார்கள். சேவர்கள் ஒரு பொது விதிமுறைப்படி தங்களுக்குள் பேசிக்கொள்ளும். அப்படியான விதிமுறைகளில் பெயர்பெற்றது அக்டிவிட்டிபப். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் அதை அங்கீகரித்தது. அதைப் பேசும் சேவர்களின் மொத்தக் கூட்டத்துக்குப் பெடிவேர்ஸ் என்று பெயர்.

எல்லாரும் பேஸ்புக்கிலதானே இருக்கினம். ஏன் இந்தக் கரைச்சல்?

கடந்த பத்துப் பதினைந்து வருடத்தில் இலங்கைத் தமிழில் எழுதப்பட்ட நல்ல கட்டுரைகள், நினைவுக்குறிப்புகள், இலக்கியச் சண்டைகள் பெரும்பகுதி பேஸ்புக்கில்தான் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றைத் தேடி எடுத்துப் பாருங்கள். எழுதியவரின் பெயரும் மாதமும் தெரிந்தாலும் விரலால் தள்ளிக்கொண்டே போகவேண்டும். கூகுளில் பெரும்பாலும் அகப்படாது. அவர் கணக்கை மூடியிருந்தால் கதை முடிந்தது.

நிறுவனம் தன் வசதிக்கு ஒரு பகுதியையே மூடுவதும் உண்டு. நீளமாக எழுதுபவர்களுக்குப் பேஸ்புக்கில் 'நோட்ஸ்' என்றொரு பகுதி இருந்தது. 2020 ஒக்டோபர் 31க்குப் பிறகு அதில் புதிதாக எதுவும் எழுத முடியாமல் போனது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் முழுதாகவே போய்ச் சேர்ந்தது. டுவிட்டரை 2022 ஒக்டோபரில் எலான் மஸ்க் 44 பில்லியன் டொலருக்கு வாங்கினார். பெயரும் விதிகளும் ஒரு வருடத்துக்குள் மாறின. இவற்றில் எதற்கும் எழுதியவனிடம் யாரும் கேட்கவில்லை.

அதனால் எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டு: நீங்கள் எழுதியதன் பிரதி உங்களிடம் இருக்கவேண்டும், அதைத் தேடி வருகிற முகவரி உங்களுடையதாக இருக்கவேண்டும். இவை இரண்டும் இல்லாமல் புதுச் செயலிக்கு மாறுவது வாடகை வீடு மாறுகிற வேலை.

மாஸ்டொடன், புளூஸ்கை, நொஸ்ட்ர், த்ரெட்ஸ். எது எது?

மாஸ்டொடனை 2016இல் ஜேர்மனியில் இருந்த ஒய்கன் ரோஹ்கோ தொடங்கினார். திறந்த மூல மென்பொருள், யாரும் எடுத்துத் தங்கள் சேவரில் நிறுவலாம். அக்டிவிட்டிபப்பைப் பேசும். உங்கள் பெயரோடு சேவரின் பெயரும் சேர்ந்துதான் முகவரி, மின்னஞ்சல் முகவரி போல. எந்தப் பதிவை மேலே காட்டுவது என்று முடிவுசெய்யும் கணிப்பு இல்லை, நேர வரிசைதான். விளம்பரமும் இல்லை. அமைதியான இடம். சிலருக்கு அந்த அமைதியே பிடிக்காமல் போகும்.

புளூஸ்கை 2019இல் டுவிட்டருக்குள்ளேயே ஒரு திட்டமாக அறிவிக்கப்பட்டுப் பிறகு தனி நிறுவனமானது. 2024 பெப்ரவரியில் அழைப்பில்லாமல் யாரும் சேரலாம் என்றானது. பழைய டுவிட்டர் பழக்கம் உள்ளவருக்குக் கை உடனே படியும். அதன் விதிமுறை வேறு, ஏடி புரோட்டோகோல். வடிவமைப்பில் மையம் இல்லை என்றாலும் பெரும்பாலான கணக்குகள் இன்னும் அந்த நிறுவனத்தின் சேவர்களில்தான் இருக்கின்றன. ஆகவே 'மையமில்லாதது' என்று அதைச் சொல்லும்போது கொஞ்சம் இழுத்துத்தான் சொல்லவேண்டும்.

த்ரெட்ஸ் மெட்டா நிறுவனத்தின் செயலி, 2023 ஜூலையில் வந்தது. 2024இல் படிப்படியாக அக்டிவிட்டிபப்பைச் சேர்த்தார்கள். விரும்பி அந்த வசதியைத் திறந்துவைத்தவர்களின் பதிவுகளை மாஸ்டொடனிலிருந்து பின்தொடரலாம். இன்ஸ்டகிராம் கணக்கு ஏற்கெனவே உள்ள ஒருவருக்கு இது இலேசான வழி. கதவின் சாவி மட்டும் மெட்டாவிடம் இருக்கும்.

நொஸ்ட்ர் 2020இல் வந்தது. அதில் கணக்கே கிடையாது, நீண்ட எழுத்துச் சரங்களான இரண்டு சாவிகள்தான். ஒன்று எல்லோருக்கும் காட்டுவது, மற்றது இரகசியமானது. இரகசியச் சாவியைத் தொலைத்தால் மீட்டுத்தர உலகத்தில் ஆளில்லை. அது திருட்டுப் போனாலும் அப்படித்தான். கடவுச்சொல்லை மாதத்துக்கு ஒருமுறை மறக்கிறவர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை.

நான் வெள்ளவத்தையில இருந்து எழுதினால் டொரொண்டோவில இருக்கிற தங்கச்சி எப்பிடிப் பாப்பா?

இதை ஒருமுறை விளங்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். நீங்கள் ஒரு சேவரில் இருக்கிறீர்கள், தங்கச்சி வேறொன்றில். அவர் உங்களைப் பின்தொடர்கிறார். 'காலி வீதியில் முழங்காலளவு தண்ணீர்' என்று ஒரு படத்துடன் எழுதி அனுப்புகிறீர்கள். உங்கள் சேவர் உங்களைப் பின்தொடர்பவர்கள் எந்தெந்தச் சேவர்களில் இருக்கிறார்கள் என்று பார்த்து, ஒவ்வொன்றின் அஞ்சற்பெட்டிக்கும் பதிவை ஒப்பமிட்டு அனுப்பும். தங்கச்சியின் சேவர் ஒப்பத்தைச் சரிபார்த்து, படத்தின் பிரதி ஒன்றையும் எடுத்துவைத்துக்கொண்டு, அவருக்குக் காட்டும். அந்தச் சேவர் அந்நேரம் படுத்துக்கிடந்தால் உங்களுடையது பிறகு திரும்பத் திரும்ப முயலும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் வருகிறது. ஒரு சேவரில் யாருமே உங்களைப் பின்தொடராவிட்டால் உங்கள் பதிவு பொதுவாக அங்கே போகாது. புதிதாகச் சேர்ந்தவர் 'தமிழ்' என்று தேடிவிட்டு ஒன்றுமே இல்லை என்று சலித்துக்கொள்வது இதனால்தான். ஒரே உரையாடலில் ஒருவருக்குப் பத்துப் பதில்களும் மற்றவருக்கு மூன்றும் தெரிவதும் இதனால்தான். இரண்டாவது, நீங்கள் அழித்தால் உங்கள் சேவர் மற்றவற்றுக்கு 'அழித்துவிடு' என்று சொல்லியனுப்பும். ஒழுங்கான சேவர்கள் கேட்கும். கேளாத ஒன்றை யாராலும் வற்புறுத்த முடியாது.

எந்தச் சேவரில சேருறது?

அதன் 'பற்றி' பக்கத்தை வாசியுங்கள். யார் நடத்துகிறார்கள், செலவு எங்கிருந்து வருகிறது, எதை அனுமதிப்பதில்லை, மூடுவதானால் எவ்வளவு முன்னறிவிப்புத் தருவார்கள் என்று எழுதியிருக்கவேண்டும். எழுதாத இடத்துக்குப் போகாதீர்கள். பெரிய பெயரும் உத்தரவாதம் இல்லை. பயர்பொக்ஸ் உலாவியைத் தரும் மொஸில்லா ஒரு மாஸ்டொடன் சேவர் நடத்தி, 2024 டிசெம்பரில் மூடியது.

டொமைனின், அதாவது இணைய முகவரியின், வாலையும் பாருங்கள். பெயர் வேடிக்கையாக அமையும் என்பதற்காக ஆப்கானிஸ்தானின் '.ஏஎஃப்' முகவரியில் ஒரு சேவர் இயங்கியது. 2024 பெப்ரவரியில் தாலிபான் அரசின் அமைச்சு அந்த முகவரியை நிறுத்தியது. சேவர் நன்றாகத்தான் இருந்தது, போய்ச்சேர வழிதான் இல்லாமல் போனது.

பிறகு வேற சேவருக்கு மாறலாமா?

மாஸ்டொடனில் மாறலாம். புதுச் சேவரில் கணக்குத் திறந்து, அதன் அமைப்புகளில் பழைய முகவரியை மாற்றுப்பெயராகச் சேர்க்கவேண்டும். பிறகு பழைய கணக்குக்குப் போய் 'வேறு கணக்குக்கு மாறு' என்ற இடத்தில் புது முகவரியையும் கடவுச்சொல்லையும் கொடுக்கவேண்டும். உங்களைப் பின்தொடர்பவர்கள் தாமாகவே புது இடத்துக்கு நகர்வார்கள். நீங்கள் பின்தொடர்பவர்கள், தடுத்தவர்களின் பட்டியல்களைக் கோப்பாக இறக்கிப் புதிதில் ஏற்றலாம். பழைய பதிவுகள் மட்டும் வராது. அவற்றின் தொகுப்பை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவையும் பழைய சேவர் உயிரோடிருக்கும்போதே செய்யவேண்டும்.

புளூஸ்கையில் பதிவுகளையும் எடுத்துக்கொண்டு போகும் வகையில் வடிவமைத்திருக்கிறார்கள். அந்த ஒரு விஷயத்தில் அது மாஸ்டொடனை விஞ்சுகிறது.

தமிழுக்கு எத்தனை எழுத்து இடம் குடுக்கும்?

எனக்குப் பிடித்த கேள்வி. எக்ஸில் 280 என்பது கணினிக் குறியீடுகளின் கணக்கு. 'கி' என்பது அங்கே ககரமும் இகரக் குறியுமாக இரண்டாகும். 'க்' என்பதும் இரண்டு. உயிர்மெய்யும் புள்ளியும் நிறைந்த தமிழ் வாக்கியம் ஆங்கிலத்தைவிட வேகமாக எல்லையை முட்டும். மாஸ்டொடனும் புளூஸ்கையும் கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணுகின்றன, அங்கே 'கி' ஒன்றுதான். மாஸ்டொடனில் வழக்கமான எல்லை 500, சேவர் நடத்துபவர் விரும்பினால் கூட்டலாம். புளூஸ்கையில் 300. ஒரு வெண்பாவைப் பதம் பிரித்தே போடலாம், கீழே இரண்டு வரி விளக்கத்துக்கும் இடம் மிஞ்சும்.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவற்றை அப்படியே ஒட்டாதீர்கள். அச்சகத்திலிருந்து வரும் கோப்புகள் பல இன்னும் பாமினியில்தான் இருக்கின்றன. ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் வரும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு 'ர', 'ா' இரண்டும் இடம் மாறியிருக்கிறதா என்று ஒருமுறை கண்ணால் பாருங்கள். மாற்றிகள் சறுக்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

வலைப்பூ எழுதுறவைக்கு இதில என்ன லாபம்?

வலைப்பூ ஏற்கெனவே மையமில்லாததுதான். 2004 அளவில் தமிழ் வலைப்பூக்கள் பெருகியபோது தமிழ்மணம் போன்ற திரட்டிகள் அவற்றைக் கோத்துக் காட்டின. யாழ்ப்பாணத்தில் எழுதியதை ரொறன்ரோவில் வாசித்து, சென்னையிலிருந்து ஒருவர் மறுப்பு எழுதுவார். திரட்டிகள் ஓய்ந்ததும் வாசகர்கள் பேஸ்புக்குக்குப் போனார்கள். எழுதியவர்களும் பின்னாலேயே போனார்கள். குறை வலைப்பூவில் இல்லை. புதிதாக எழுதியதை வாசகனுக்குச் சொல்ல ஆளில்லாமல் போனதுதான் குறை.

அந்த இடத்தை இப்போது அக்டிவிட்டிபப் நிரப்புகிறது. வலைப்பூ நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸுக்கு அதே பெயரில் ஒரு செருகுநிரல் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) உண்டு. 2023இல் ஓட்டோமாட்டிக் நிறுவனம் அதைப் பொறுப்பேற்று, அதே வருட ஒக்டோபரில் தான் நடத்தும் வேர்ட்பிரஸ் டொட் கொம் தளத்திலும் திறந்துவிட்டது. அதை இயக்கினால் உங்கள் வலைப்பூவே பின்தொடரக்கூடிய ஒரு கணக்காகிவிடும். மாஸ்டொடனில் இருக்கும் வாசகர் அதைப் பின்தொடர்வார். நீங்கள் கட்டுரை வெளியிட்டதும் அவருடைய வரிசையில் வரும். அவர் அங்கிருந்து பதில் எழுதினால் அது உங்கள் கட்டுரையின் கீழே பின்னூட்டமாக வந்து நிற்கும். உரையாடல் எழுத்தின் பக்கத்திலேயே தங்குகிறது, அதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

சோடனை எதுவும் வேண்டாம், எழுத்து மட்டும் போதும் என்பவருக்கு ரைட்ஃப்ரீலி. வெள்ளைப் பக்கம், தலைப்பு, எழுத்து, அவ்வளவுதான். அதுவும் பெடிவேர்ஸோடு பேசும். மின்னஞ்சலில் இதழ் அனுப்புகிறவர்கள் கோஸ்ட்டைப் பார்க்கலாம், 2025இல் அதுவும் அக்டிவிட்டிபப்பைச் சேர்த்துக்கொண்டது. பழைய பிளாகர் வைத்திருப்பவர்கள் உடனே மாறவேண்டியதில்லை. முழு வலைப்பூவையும் ஒரு கோப்பாக இறக்கும் வசதி அமைப்புகளில் இருக்கிறது. இன்றே இறக்கி வையுங்கள், மாறுவதைப் பிறகு யோசிக்கலாம்.

நானே ஒரு சேவர் வைக்கலாமா?

வீட்டில் வேண்டாம். 2022 மார்ச் கடைசியில் 13 மணிநேரம் மின்சாரம் இல்லாமல் இருந்த ஊர் இது. 4ஜி ரவுட்டர் இணைப்பில், வெளியிலிருந்து உங்கள் சேவரை வந்தடையத் தேவையான தனி ஐபி முகவரியும் பெரும்பாலும் கிடைக்காது. வெளியே வாடகைக்கு எடுக்கும் சிறிய சேவர் மாதம் ஐந்து டொலரிலிருந்து கிடைக்கும். டொலரில் கட்ட அட்டை வேண்டும், ரூபாய் சரிந்தால் வாடகையும் ஏறும்.

மாஸ்டொடன் ஒருவருக்குக் கொஞ்சம் பாரமான மென்பொருள். மற்றச் சேவர்களிலிருந்து வரும் படங்களைச் சேமித்துச் சேமித்து வட்டை நிரப்பிவிடும். தனியாள் என்றால் கோடுசோஷியல் போன்ற இலகுவான ஒன்று போதும். ஆனால் பலரைச் சேர்த்துக்கொண்டு நடத்தப்போகிறீர்கள் என்றால் தொழில்நுட்பம் சின்னப் பிரச்சினை. இரவு பதினொரு மணிக்கு இரண்டு கவிஞர்கள் சண்டை பிடித்தால் விலக்கப்போவது நீங்கள்.

வெறுப்புப் பதிவுகளை ஆர் தடுப்பினம்?

2018 மார்ச்சில் திகன, கண்டிப் பக்கம் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது சிங்களத்தில் பரவிய பதிவுகளைப் பேஸ்புக் நேரத்துக்கு நீக்கவில்லை. தன் தளம் அதில் வகித்த பங்குக்காக அந்த நிறுவனம் 2020 மே மாதம் மன்னிப்புக் கேட்டது. பெரிய நிறுவனம் என்றால் பாதுகாப்பு என்ற எண்ணத்துக்கு இங்கே வாழ்ந்தவர்களிடம் அதிக இடமில்லை.

பெடிவேர்ஸில் பொறுப்பு ஒவ்வொரு சேவர் நடத்துபவருடையது. தொல்லை தரும் ஒரு சேவரை முழுதாகவே துண்டித்துவிடலாம். தீவிர வலதுசாரிகளின் கேப் தளம் 2019இல் மாஸ்டொடன் மென்பொருளுக்கு மாறியபோது பெரும்பாலான சேவர்கள் அதைத் தடுத்தன. அவ்வளவு சிறப்பாக இயங்கும் ஏற்பாட்டுக்கு நமது பக்கம் ஒரு ஓட்டை உண்டு. ஜேர்மனியில் இருக்கும் மட்டறுத்துநருக்கு (பதிவுகளைக் கண்காணித்து நீக்குபவர்) தமிழில் சாதி சொல்லித் திட்டியது எப்படி விளங்கும்? நீங்கள் முறைப்பாடு செய்யும்போது அவருக்கு விளங்கும் மொழியில் விளக்கவேண்டியிருக்கும். தமிழ் தெரிந்த மட்டறுத்துநர் உள்ள சேவர் கிடைத்தால் மற்றக் குறைகளை மன்னித்து அங்கே சேருங்கள்.

அரசாங்கம் திரும்பவும் முடக்கினால் இது வேலைசெய்யுமா?

2018 மார்ச், 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின், 2022 ஏப்ரல் 3. இந்த மூன்று தடவையும் பேஸ்புக், வட்ஸ்அப் போன்ற பெயர்தெரிந்த தளங்கள் தடுக்கப்பட்டன. மற்ற இணையம் பெரும்பாலும் இயங்கியது. சிறிய சேவர்கள் அப்படியான பட்டியலில் வர வாய்ப்புக் குறைவு. ஆனால் ஒருநாள் பட்டியலில் சேர்ந்தால் தப்பிக்க மாயமந்திரம் எதுவும் இல்லை. இணையத்தையே நிறுத்தினால் எல்லாம் ஒன்றுதான்.

நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இதுக்கும் பொருந்துமா?

இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்தும் இந்த 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நீங்கள் எழுதியதைப் பார்க்கிறது. அதை எந்தத் தளத்தில் எழுதினீர்கள் என்பது உங்களைக் காப்பாற்றாது. சேவர் வெளிநாட்டில் இருந்தாலும் எழுதியவர் கொட்டாஞ்சேனையில்தானே இருக்கிறார். மற்றவர்களுக்குச் சேவர் நடத்த நினைப்பவர் ஒரு சட்டத்தரணியிடம் பேசிவிட்டுத் தொடங்குவது நல்லது.

தனிப்பட்ட மெசேஜ் அனுப்பலாமா?

அனுப்பலாம், ஆனால் இரகசியம் வேண்டாம். மாஸ்டொடனில் தனிச்செய்தி மறையாக்கம் (மற்றவர் வாசிக்கமுடியாதபடி பூட்டுவது) செய்யப்படுவதில்லை, சேவர் நடத்துபவர் விரும்பினால் பார்க்கமுடியும். அவர் நல்லவராகவே இருக்கலாம். 2023 மேயில் அமெரிக்காவில் ஒரு சேவர் நடத்துநரின் வீட்டை வேறொரு விஷயத்துக்காக எஃப்பிஐ சோதனையிட்டபோது, அங்கிருந்த சேவரின் தரவுப் பிரதியும் மறையாக்கம் இல்லாமலே அவர்கள் கைக்குப் போனது. அந்தரங்கமான பேச்சுக்குச் சிக்னல் செயலி இருக்கிறது.

எழுதினால் கிரிப்டோவில காசு தருகிற தளங்கள்?

ஸ்டீமிட் 2016இல் வந்தது. உரிமையாளரோடு மோதி 2020 மார்ச்சில் ஒரு பகுதியினர் பிரிந்து ஹைவ் தொடங்கினார்கள். அங்கே எந்தப் பதிவுக்கு எவ்வளவு காசு என்பதை வாக்குத்தான் முடிவுசெய்யும், வாக்கின் எடை வைத்திருக்கும் நாணயத்தின் எடை. தமிழ்ச் சிறுகதைக்கு அந்தச் சந்தையில் வாங்குபவர் யார் என்று நினைக்கிறீர்கள்? மெய்நிகர் நாணயங்கள் பற்றி இலங்கை மத்திய வங்கி பலமுறை எச்சரித்திருக்கிறது. இதற்குமேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

அங்க தமிழாக்கள் இருக்கினமா?

குறைவு. பேஸ்புக்கில் ஒரு புத்தக வெளியீட்டுப் படத்துக்கு வரும் இருநூறு விருப்பத்தை எதிர்பார்த்துப் போனால் மனம் நொந்துவிடும். மாஸ்டொடனில் ஹேஷ்டேக்கையே பின்தொடரலாம், ஆகவே தமிழ், ஈழம், கொழும்பு என்று நாலைந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பதிவிலும் தமிழ் எழுத்திலேயே ஹேஷ்டேக் போடுங்கள். தெரிந்தவர்கள் ஆறேழு பேர் ஒரே கிழமையில் சேர்ந்தால் உரையாடல் பிடிக்கும். தனியே போனால் ஒரு மாதத்தில் திரும்பி வந்துவிடுவீர்கள்.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகலாமா?

அவரை வட்ஸ்அப்பில் நிம்மதியாக விடுங்கள்.

அப்ப பேஸ்புக்கை மூடவேணுமே?

தேவையில்லை. நினைவஞ்சலியும் சங்கத்துக் கூட்ட அறிவிப்பும் இன்னும் அங்கேதான் வருகின்றன. முழுக் கட்டுரையை உங்கள் வலைப்பூவில் போட்டுவிட்டு, முதற் பந்தியையும் இணைப்பையும் பேஸ்புக்கில் வையுங்கள். வெளி இணைப்புள்ள பதிவைப் பேஸ்புக் குறைவாகத்தான் காட்டும் என்ற முறைப்பாடு பரவலானது. அது உண்மையானாலும் கட்டுரை உங்களிடம் இருக்கும்.

சொந்த டொமைன் கட்டாயமா? எது எடுக்கலாம்?

கட்டாயம் என்றே சொல்வேன். டொமைன் இருந்தால் இன்று வேர்ட்பிரஸ், நாளை வேறொன்று என்று மாறினாலும் பழைய இணைப்புகளை உயிரோடு வைத்திருக்கலாம். புளூஸ்கையில் அதையே உங்கள் பெயராகவும் வைக்கலாம். டொமைனின் டிஎன்எஸ் பக்கத்தில் (முகவரி எந்தச் சேவருக்குப் போகவேண்டும் என்று குறிக்கும் இடம்) அவர்கள் தரும் ஒரு வரியைச் சேர்த்தால் போதும். மாஸ்டொடனில் உங்கள் தளத்திலிருந்து கணக்குக்கு ஒரு குறியிட்ட இணைப்பு வைத்தால் பெயருக்குக் கீழே பச்சை நிறத்தில் சரி காட்டும். அதற்குக் காசு இல்லை.

இலங்கைக்கு '.எல்கே' முடிவும், தமிழில் '.இலங்கை' முடிவும் உண்டு. தமிழ் முகவரி பார்க்க அழகு, ஆனால் சில செயலிகள் அதைப் புரியாத ஆங்கிலச் சரமாக மாற்றிக் காட்டும். எனவே ஆங்கில எழுத்து முகவரியை முதன்மையாக வைத்துத் தமிழ் முகவரியை அதற்குத் திருப்பிவிடுங்கள். பதிவுசெய்யும்போது உங்கள் சொந்தப் பெயரில் செய்யுங்கள், தளம் செய்து தந்த தம்பியின் பெயரில் வேண்டாம். கட்டணம் போகும் வங்கி அட்டை காலாவதியாகும் மாதத்தை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். புதுப்பிக்கத் தவறிய டொமைனைச் சூதாட்டத் தளங்கள் வாங்கிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது.